அட்மின், அட்மின்

"அண்ணை, பைலில பாஸ்வேர்டை மாத்திப்போட்டன். சேர்வரையும் நிப்பாட்டித் திருப்பி ஏத்தினன். ஆனா இன்னும் பழசுதான் உள்ள விடுது. புதுசைக் குடுத்தா பிழை எண்டு சொல்லுது."

நெல்லியடியில் நாங்கள் சிலர் சேர்ந்து மென்பொருள் வேலை பார்க்கும் மாடி அறையில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டது இது. கையிலிருந்தது டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் இண்டகிரேட்டர், ஆறாம் பதிப்பு. பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை: "இந்த அட்மின், அட்மின் எண்டதை முதல் ஆர் வச்சது?" அந்தக் கேள்வியின் பின்னால் நான் கொஞ்சக் காலம் அலைந்தேன்.

இந்த மென்பொருளின் வேலையை எங்கள் ஊரை வைத்தே சொல்லலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வல்லை வெளியைக் கடந்து வரும் பஸ், பருத்தித்துறைக்குப் போகுமுன் நெல்லியடிச் சந்தியில் ஆட்களை இறக்கி ஏற்றும். இண்டகிரேட்டரும் அப்படி ஒரு சந்திதான். கணக்கு மென்பொருளிலிருந்து வரும் தகவலை வங்கியின் மென்பொருளுக்கும், அங்கிருந்து வருவதைக் களஞ்சிய மென்பொருளுக்கும், அவையவை விளங்கிக்கொள்ளும் வடிவில் மாற்றிக் கொடுக்கும். எல்லாத் தகவலும் இதற்குள்ளால் போவதால், இதன் நிர்வாகிக் கடவுச்சொல் ஒருவர் கையில் கிடைத்தால் அவருக்கு எல்லாம் கிடைத்த மாதிரி.

இது இலங்கையில் பிறந்த மென்பொருள் என்பது தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. சஞ்சீவ வீரவரண, போல் ஃபிரீமான்டில் முதலியோர் 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2ஐத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் வழியாக இலங்கை இளைஞர்கள் அப்பாச்சி ஆக்சிஸ்2 போன்ற திறந்த மூல மென்பொருள்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பின் நிவாரண வேலைகளுக்காக உருவான சஹானா என்ற மென்பொருளும் அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்காவின் ஈபே இவர்களுடைய இணைப்பு மென்பொருளைப் பயன்படுத்தியது. 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. முதலீட்டு நிறுவனம் டபிள்யூ.எஸ்.ஓ.2ஐ வாங்கியது. இதையெல்லாம் சொன்னபோது தம்பியின் முகத்தில் வந்த பெருமை எனக்கும் இருக்கிறது.

முதற் கேள்விக்கு வருவோம். நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் 'யூசர்-எம்ஜிடி' என்ற அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்: அட்மின், அட்மின். சேர்வர் முதன்முறை எழும்பும்போது மட்டுமே அந்தக் கடவுச்சொல்லை வாசிக்கிறது. வாசித்துத் தன் தரவுத்தளத்தில் ஒரு பயனரை உருவாக்குகிறது. அதன் பிறகு உள்ளே விடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது தரவுத்தளம். கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் அங்குள்ளது மாறாது. ஏற்கெனவே ஓடிய சேர்வரென்றால் 9443ஆம் துறையில் வரும் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து மாற்ற வேண்டும். பழைய கடவுச்சொல்லே மறந்துபோனால், சேர்வரை நிறுத்திவிட்டு, 'பின்' கோப்புறையில் இதற்கென்றே இருக்கும் கட்டளைக்கோப்பை ஓட்ட வேண்டும்.

தரவுத்தளத்தைத் திறந்து பயனர் அட்டவணையைப் பார்த்தோம். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் விளங்காத எழுத்துத் தொடர் ஒன்று. பக்கத்து நிரலில் இன்னொரு சிறிய தொடர். அதை 'உப்பு' என்பார்கள். கடவுச்சொல்லோடு அந்த உப்பைச் சேர்த்து, எஸ்.எச்.ஏ.-256 என்ற ஒருவழிக் கணக்கில் போட்டு வந்த விடை மட்டுமே அங்கே இருக்கிறது. விடையிலிருந்து சொல்லை நேரடியாகத் திருப்பி எடுக்கும் வழி கிடையாது.

இந்த இரண்டு நிரல்களும் வந்த பாதை நீளமானது. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற பொதுக் கணினி முறையை அமைத்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்ததால் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல். எல்லாச் சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. கூடுதல் கணினி நேரம் தேவைப்பட்ட அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் அந்தக் கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். 1960களின் நடுவில் இரண்டு கோப்புகள் இடம்மாறிப் போக, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகி வந்தன. சொல்லைச் சொல்லாகவே வைக்கக்கூடாது என்று கேம்பிரிட்ஜில் ரொஜர் நீடம் ஒருவழிக் கணக்கைக் கொண்டுவந்தார். 1979இல் ரொபட் மொரிஸும் கென் தொம்சனும் யுனிக்ஸின் கடவுச்சொல் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். உப்பைச் சேர்க்கும் முறையை அதில் விளக்கினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் பிடிபடக்கூடியவை.

சொல்லை ஒளித்துவைப்பதற்கு இவ்வளவு பேர் மினக்கெட்டிருக்க, ஊரறிந்த சொல்லைப் பெட்டியிலேயே போட்டு அனுப்பும் வழக்கம் எப்படித் தொடர்ந்தது? அட்மினின் மூதாதையர் டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ். கணினிகளில் இருந்தார்கள்: சிஸ்டம் என்ற பெயருக்கு மனேஜர், ஃபீல்ட் என்ற பெயருக்குச் சேர்விஸ். 1986இல் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 75 சதக் கணக்குப் பிழையைத் துரத்திய கிளிஃபர்ட் ஸ்டோல், ஜேர்மனியிலிருந்து வந்த ஊடுருவி இதே சொற்களைக் கொடுத்துப் பல கணினிகளுக்குள் நுழைவதைக் கண்டார். ஒரக்கிள் தரவுத்தளம் படித்தவர்களுக்கு ஸ்கொட், டைகர் நினைவிருக்கும். ஸ்கொட் அந்த நிறுவனத்தின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்கொட். டைகர் அவருடைய மகளின் பூனை. 2016இல் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் பெரும் தாக்குதல் நடத்திய மிராய் என்ற தீம்பொருள், அறுபதுக்கும் மேற்பட்ட இத்தகைய சோடிகளைத்தான் கையில் வைத்திருந்தது. அட்மின், அட்மின் அவற்றில் ஒன்று.

ஆக, தம்பி கேட்ட 'ஆர்' என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்லலாம். இறக்கி, விரித்து, உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கக்கூடாது. வடமராட்சியில் ஒரு மாணவன், வங்கிகள் பயன்படுத்தும் மென்பொருளைத் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பழகக் கூடியதாக இருப்பது இதனால்தான். அந்தத் திறந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனாலும் வேறு வழி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 5.7 தரவுத்தளம் நிறுவும்போதே எழுமாறான ஒரு கடவுச்சொல்லை உருவாக்குகிறது. மென்பொருள் கட்டும் வேலையைத் தானியக்கமாக்கும் ஜென்கின்ஸ் 2016இலிருந்து அதையே செய்கிறது. மாணவனுக்கும் அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது. எல்லா மென்பொருளும் இப்படித்தான் வர வேண்டும். வீட்டுப் பாவனைக் கருவிகளுக்குப் பொதுவான இயல்புநிலைக் கடவுச்சொல்லை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரலில் சட்டத்தால் தடுத்துவிட்டது.

தம்பியோடு இருந்து புதிய பிரதி ஒன்றை விரித்தோம். முதல் ஓட்டத்துக்கு முன்பே கோப்பில் பெயரையும் சொல்லையும் மாற்றினோம். செய்தித் தரகரோடு இணையும் ஜே.என்.டி.ஐ. கோப்பிலும் அதே அட்மின், அட்மின் இணைப்பு முகவரிக்குள் செருகப்பட்டிருக்கும், அதையும் மாற்றினோம். இப்படிக் கோப்புகளில் வெளிப்படையாகக் கிடக்கும் சொற்களை மறையாக்குவதற்கு, மென்பொருளோடு வரும் சைஃபர் கருவி இருக்கிறது. அந்தக் கருவி மறையாக்கப் பயன்படுத்தும் சாவிக் கோப்பின் கடவுச்சொல் என்னவென்று தம்பி தேடிப் பார்த்தான்: டபிள்யூ.எஸ்.ஓ.2கார்பன். அதுவும் பெட்டியோடு வருவது. உள்ளே இருக்கும் தனிச்சாவியும் அப்படியே. அந்தப் பதிப்பை இறக்கிய எல்லோரிடமும் அதே சாவி இருக்கும். "அப்ப முதல் இதையெல்லோ மாத்தவேணும், அண்ணை" என்றான். சைஃபர் கருவியை அங்கேயே நிறுத்திவிட்டு, ஜாவாவின் கீடூல் கொண்டு புதிய சாவி ஒன்றை உருவாக்கத் தொடங்கினோம்.