இருக்கன்குடியில் ஓர் இருண்ட மாலை

சாத்தூரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே கோயில் கொண்டிருக்கிறாள் இருக்கன்குடி மாரியம்மன். 'இரு கங்கைக் குடி' என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்பர். சாணம் சேகரிக்க வந்த சிறுமி ஒருத்தி கீழே வைத்த கூடையை மீண்டும் எடுக்க இயலாமற்போக, அவ்விடத்திலேயே அன்னை வெளிப்பட்டாள் என்கிறது தலவரலாறு. கண்நோய் கண்டவர்கள் கோயிலிலேயே தங்கி 'வயனம்' காப்பது இத்தலத்தின் தனி மரபு.

2012-ஆம் ஆண்டு, புரட்டாசி மாதத்து மாலை வேளை. எனக்கு வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பார்வை போய்விடுமோ என்ற அச்சத்துடன், கண்மலர் காணிக்கை செலுத்த மனைவியுடன் சென்றிருந்தேன். தமிழகமெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய காலம் அது. நாங்கள் மண்டபத்தை அடைந்த சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றது. கடைவீதி ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன; மின்விசிறிகள் நின்றன. என் உள்ளம் பதைத்தது. 'இனி இப்படித்தானோ?' என்று தூணைப் பற்றிக்கொண்டேன்.

அருகே வயனம் காத்து அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஏன் சாமி, பாட்டுச் சத்தத்தக் காணோம்?" என்று வினவினார்.

"மின்சாரம் போய்விட்டது அம்மா. ஒரே இருட்டு" என்றேன்.

"அப்படியா! எனக்குப் பகலும் இதேதான். பேசாம உக்காருங்க. இப்பத்தான் மணிச்சத்தம் நல்லாக் கேக்கும்" என்றார்.

அமர்ந்தேன். அவர் சொன்னவாறே கருவறை மணியோசை தெளிவாகக் கேட்டது. வேப்பிலை மணமும், ஈர மஞ்சளின் மணமும், ஆற்றுப் பக்கத்துக் காற்றும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கற்பூரச் சுடர் எழுந்தபோது, அவ்வொளியில் அன்னையின் திருமுகம் மட்டுமே தெரிந்தது. வேறொன்றையும் காண வேண்டுமென்று தோன்றவில்லை. பதைப்பு அடங்கியிருந்தது. மூதாட்டியும் கைகூப்பியிருந்தார். அவர் எதைக் கண்டாரோ, அவருக்கும் அன்னைக்கும் மட்டுமே தெரியும்.

சற்று நேரத்தில் விளக்குகள் எரிந்தன. அனைவரும் "அப்பாடா" என்றனர். எனக்கு மட்டும் இன்னும் சிறிது நேரம் இருண்டிருக்கலாகாதா என்றிருந்தது.

அறுவைச் சிகிச்சை அன்னையின் அருளால் நலமாக முடிந்தது. இன்றும் இல்லத்தில் மின்சாரம் நின்றால் உடனே கைவிளக்கைத் தேடுவதில்லை. பூஜையறை அகல்விளக்கின் முன் சற்று அமர்கிறேன். இருக்கன்குடி மணியோசை செவியில் ஒலிக்கிறது.