சோளகம் வீசும் தீவில் தேனீக்கள்

தள்ளாடியைக் கடந்து, தாம்போதி வழியாக மன்னார்த் தீவினுள் நுழையும் பிரயாணியின் கண்ணுக்கு முதலிற் படுவன உவர் வெளியும், முட்புதர்களும், அவற்றுக்கப்பால் ஓங்கி நிற்கும் பனைகளுமே. ஓடும் ஆறு இல்லை. நிழல் தரும் சோலையும் அரிது. இவ்விடத்தைத் தேனீக்கு உகந்ததென்று சொல்ல எவரும் துணியார். ஆயினும் தேனீ வளர்ப்பைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்புவோர், மலைநாட்டிற் கற்கமுடியாத ஒன்றை இத்தீவிற் கற்கலாம். தேனீயைக் கொண்டுவந்து வைப்பது எளிது. இருக்கச் செய்வதே அரிது.

ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுள்ள இத்தீவிலே ஆண்டில் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து தீர்ந்துவிடும். மழைக்குப் பின் தும்பையும் நெருஞ்சியும் மணல்வெளியிற் பூக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வேம்பு பூக்கும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் காணச் செல்வோர், இத்துணைப் பெரிய மரம் தேனீக்கு எவ்வளவு தேன் தரும் என வியக்கக்கூடும். ஆனால் அராபிய வணிகர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் அம்மரத்தின் பூ அந்தியில் மலர்வது; அதன் தாயகமாகிய ஆபிரிக்காவில் அதை நாடி வருவன வௌவால்களே.

தேனீயின் உண்மையான உறவு பனையோடுதான். ஆண்பனையின் பாளையிலே மகரந்தம் கிடைக்கும். பாளை சீவும் காலத்திலோ, இனிய சாறே முட்டியில் வந்து நிறையும். அங்கேதான் ஆபத்தும் உண்டு. சாற்றை நாடி முட்டிக்குள் இறங்கும் தேனீக்கள் ஏறமுடியாமல் மூழ்கி இறக்கின்றன. முட்டியின் வாயைப் பன்னாடையால் மூடினால் எத்தனையோ உயிர்கள் தப்பும். சாறும் தூய்மையாக இருக்கும்.

இலங்கையின் தேனீக்களில் பெருந்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளியிலே ஒற்றை அடை கட்டுவன. பெருந்தேனீயைத் தேடி 1881 ஆம் ஆண்டில் பிராங் பென்டன் என்னும் அமெரிக்கர் இலங்கைக்கு வந்தார். அதனை மேல்நாட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கும் எண்ணம் நிறைவேறவில்லை. வீட்டில் வளர்க்கத்தக்கது, மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயே. நம் முன்னோர் அதனை மட்பானையில் வைத்து வளர்த்தனர். திருச்சிராப்பள்ளியிற் பணிபுரிந்த நியூட்டன் பாதிரியார், 1910 ஐ அடுத்த ஆண்டுகளில் அச்சிறு தேனீக்கேற்ற பெட்டியொன்றை அமைத்தார். இன்று இலங்கையில் இத்தொழிலைப் பயில விரும்புவோருக்கு விவசாயத் திணைக்களத்தின் பண்டாரவளை நிலையம் வழிகாட்டுகின்றது. ஆனால் பண்டாரவளையின் குளிர்ச்சிக்கு ஏற்ற முறை மன்னாரின் வெயிலுக்கு அப்படியே பொருந்தாது.

கூட்டினுள் குஞ்சுகள் வளரும் பகுதி 35 பாகை செல்சியசை ஒட்டியே இருத்தல் வேண்டும். வெயில் ஏறினால் தேனீக்கள் நீர் கொணர்ந்து தெளித்துச் சிறகால் விசிறும். இதிலே ஒரு வேடிக்கை: ஐரோப்பியத் தேனீ வாயிலை நோக்கித் தலைவைத்து விசிறும், நம் தேனீயோ வாயிலுக்குப் புறங்காட்டி, தலையை வெளியே வைத்து விசிறும். இங்குப் பல கிணறுகள் உவராதலால், அகன்ற மட்பாத்திரத்தில் நல்ல நீர் வைத்து, அமர்வதற்குச் சில கற்களையும் இடுதல் வேண்டும். பெட்டிக்கு மேலே ஓலைப் பந்தல் அவசியம். எறும்பு ஏறாதிருக்கக் கால்களை நீர் நிரப்பிய சிரட்டைகளில் நிறுத்தலாம்.

வைகாசி பிறந்து சோளகம் எழும்போதுதான் பெருஞ்சோதனை. தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டு முதல் 30 பெருங் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருவது இக்காற்றே. மனிதருக்குச் செல்வமாகும் அது தேனீக்குச் சிறை. காற்று மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் தேனீ வெளியே செல்வது குறைந்துவிடும். சென்றாலும் பூக்கள் வாடிக் கிடக்கும். ஆகவே பெட்டியின் வாயில் தென்மேற்கை நோக்கலாகாது. மட்டை வேலியின் மறைவிலே வைப்பது நன்று. எல்லாவற்றிலும் முக்கியம், வேம்புப் பூக்காலத்தில் நிறைந்த அடைகளை முற்றாகப் பிழிந்துவிடாமை. சோளக மாதங்களுக்கென ஒரு பங்கு தேன் கூட்டிலேயே இருக்கட்டும். பிழிந்தெடுத்த பின் சீனிப்பாகு ஊட்டிச் சரிக்கட்டலாம் என்பாரும் உளர். அஃது அவசரத்துக்கு உதவும். முழு உணவாகாது, ஏனெனில் குஞ்சுகளுக்கு மகரந்தமும் வேண்டும்.

பட்டினியோ, வெப்பமோ, எறும்போ, மெழுகுப்பூச்சியோ மிகுந்தால் இந்தியத் தேனீ பொறுத்திராது. ஒருநாள் முற்பகலில் ராணியோடு குடும்பம் முழுவதும் எழுந்து போய்விடும். நன்றிகெட்ட பூச்சி என்று சிலர் சலித்துக்கொள்வர். உண்மையில் வறண்ட நிலத்தில் அதன் இனம் பிழைத்திருக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

பூசணியும் பாகலும் பயிரிடும் வீட்டார் இதைக் கவனிக்கவேண்டும். அவற்றின் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறு. இடையே தூது செல்வது தேனீ. காலையில், பூ விரிந்திருக்கும் வேளையில், பூச்சிமருந்து தெளித்தால் அன்றைய தூதர்கள் திரும்பமாட்டார்கள். தெளித்தே ஆகவேண்டுமெனில் பொழுது சாய்ந்தபின் தெளிக்கலாம்.

கூட்டம் போய்விட்டால் பெட்டியை எறிந்துவிட வேண்டாம். பழைய அடைகளை நீக்கிச் சுத்தஞ்செய்து, சிறிது தேன்மெழுகை உட்புறத்திற் பூசி, மாரி தொடங்குமுன் நிழலில் வைத்திருங்கள். மழைக்குப்பின் தும்பை பூக்கும்போது இரண்டொரு தேனீக்கள் வந்து வாயிலைச் சுற்றிப் பார்த்துப் போகும். மறுநாளும் வந்தால், கூட்டம் வரக்கூடும்.