கண்ணுக்குள் இருக்கும் குலை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைகிற யாரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கல்தூண்களின் மேல் கம்பி இழுத்த பந்தல், அதில் படர்ந்த இலை, இலைக்கடியில் தொங்கும் கருநீலக் குலை. விளைச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர் தரையைப் பார்க்க வேண்டும் என்பேன். பந்தலடி மண்ணில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறதா, அல்லது ஒரே நிழலாகக் கிடக்கிறதா? சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் காய்ப்புக் குறைவு என்றால் பேச்சு உடனே பூ உதிர்வுக்குப் போய்விடுகிறது. எந்த மருந்து, எத்தனை நாளில் என்று அது நீள்கிறது. கவலை நியாயமானதுதான். ஆனால் காய்ப்பின் பெரும்பகுதி பூ விரியும் முன்பே, முந்தைய போகத்திலேயே, கொடியின் கண்ணுக்குள், அதாவது துளிர்க்கக் காத்திருக்கும் மொட்டுக்குள், தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் கட்சி.

இங்கே விளையும் பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மஸ்கட் ஹாம்பர்க் ரகம். பழமாகத் தின்னவும், சாறு எடுக்கவும், ஒயினுக்கும் ஆகிற கொடி. நாசிக் வட்டாரத்தில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து உண்டு, அறுவடை ஒன்றுதான். ஏப்ரலில் வெட்டுவது கொடியை வளர்த்துக் கண்களைத் தேற்ற, அக்டோபரில் வெட்டுவது காய்ப்புக்கு. கம்பத்தில் அந்த இடைவெளி கிடையாது. டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்து, மே, ஜூனில் இன்னொன்று, இரண்டுக்கும் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் நாளை மாற்றிப்போட்டு ஆண்டு முழுக்கச் சந்தைக்குப் பழம் வர வைக்கிறார்கள். அதனால் இந்தக் கொடி ஒரு குலையைச் சுமந்துகொண்டே அடுத்த குலையையும் கருக்கொள்ள வேண்டியிருக்கிறது. பூக்கும் நாட்களை ஒட்டித்தான் புதுத் தளிரின் இலையிடுக்குக் கண்களுக்குள் அடுத்த பூங்கொத்துக்கான முளை தோன்றத் தொடங்குகிறது. அந்த முளை எதுவாகவும் ஆகலாம். வெயிலும் ஊட்டமும் கிடைத்தால் பூங்கொத்து, நிழலில் வாடினால் வெறும் பற்றுச்சுருள். இரண்டும் ஒரே பிறவி என்பதை ஸ்ரீனிவாசன், முல்லின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் காட்டினார்கள். வெட்டியெடுத்த பற்றுச்சுருள்களைச் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி சேர்த்த ஊடகத்தில் வளர்த்துப் பூங்கொத்துகளாகவே மாற்றிவிட்டார்கள். பந்தலில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சுருளும் குலையாகியிருக்க வேண்டியதோ என்று அதன்பின் தோன்றாமல் இருப்பதில்லை.

பூக்கும் நேரத்தில் மழை அடித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதை மறுக்க முடியாது. திராட்சைப் பூவுக்குத் தொப்பி போன்ற ஒரு மூடி உண்டு. அது கழன்று விழுந்தால்தான் மகரந்தம் சரியாகச் சேரும். ஈரத்தில் மூடி ஒட்டிக்கொள்ளும், மகரந்தம் கழுவிப்போகும், கூடவே அடிச்சாம்பல் நோயும் வந்து சேரும். போரான் குறைந்தால் மகரந்தக் குழல் வளராது, அப்போது காயும் பிஞ்சுமாகக் குலை நிற்கும். குறை இருக்கிற மண்ணில் போரான் தெளிப்பதும் துத்தநாகம் கொடுப்பதும் வேண்டிய வேலைதான். ஆனால் நல்ல நாளிலேயே ஒரு கொத்தின் பூக்களில் பாதிகூடப் பிஞ்சாகாமல் உதிர்வது திராட்சையின் இயல்பு. எல்லாப் பூவும் காயானால் குலை நெருங்கி நசுங்கி அழுகும். ஆகவே பூ உதிர்வதைக் கண்டதும் தழைச்சத்தை அள்ளிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. தழை பெருகும், பந்தல் மூடும், உள்ளே அடுத்த போகத்தின் கண் குருடாகும். இந்தப் போகத்துக்குச் செய்த வைத்தியம் வரப்போகிற போகத்தின் நோயாகிவிடுகிறது.

ஒயினுக்கு வளர்ப்பவர்களின் ஆட்சேபம் வேறு. விளைச்சல் கூடினால் சரக்கின் தரம் குறையும், பிறகு ஏன் காய்ப்பைப் பெருக்க வேண்டும் என்பார்கள். இதில் பாதி உண்மை. இலைக்கு மிஞ்சிய குலையை ஏற்றினால் இனிப்பு ஏறத் தாமதமாகும், நிறமும் வெளுக்கும். மஸ்கட் ஹாம்பர்க்கில் ஏற்கெனவே ஒரே குலையில் பழுத்ததும் பச்சையும் கலந்து நிற்கும், அது இன்னும் மோசமாகும். ஆனால் கண்ணைத் தேற்றும் வெயில்தான் பழத்துக்கும் நிறமும் மணமும் ஏற்றுகிறது. நான் கேட்பது கூடுதல் குலையை அல்ல, நம்பத் தகுந்த கண்களை. கண் தேறியிருந்தால் வேண்டாத கொத்தைக் கிள்ளி எறிந்து அளவு வைத்துக்கொள்ளலாம். தேறாத கண்ணில் இல்லாத கொத்தை எதைத் தெளித்தும் வரவழைக்க முடியாது.

இதனால்தான் கவாத்துக் கத்தரி பிடிக்கும் கையைக் கூலிக் கணக்கில் கடைசியில் வைப்பது எனக்குப் புரியவில்லை. மஸ்கட்டுக்குப் பொதுவாக நான்கு கண் விட்டு வெட்டச் சொல்வார்கள். மெலிந்த, முற்றாத கொடியை ஒன்றிரண்டு கண்ணோடு நிறுத்திக் காய்ப்பிலிருந்து விலக்கி வளரவிட வேண்டும். எது முற்றியது, எது மெலிந்தது, எந்தக் கொடி போன போகம் முழுக்க நிழலிலேயே கிடந்தது என்பதைப் பட்டையின் பழுப்பிலும் கணுவின் தடிப்பிலும் கண்டுகொண்டு, ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக முடிவெடுத்துக்கொண்டே போகும் வேலை இது. பின்னர் பக்கத்தளிர் கிள்ளி, இலை விலக்கிப் பந்தலைத் திறந்து வைக்கும் பெண்களின் வேலையும் இதன் தொடர்ச்சிதான். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசினால் நின்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, எல்லாக் கொடிக்கும் ஒரே வெட்டுத்தான் விழும். தெளிக்கிற மருந்துக்குக் கணக்குப் பாராமல் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை வெட்டும் கைக்குக் கூடுதல் நாளாகக் கொடுத்தாலே போதும், அந்தக் கைகளுக்கு எந்தக் கண்ணை விடுவது என்று ஏற்கெனவே தெரியும்.