அளவறிந்து ஆடல்

உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். அச்சம் பிறக்கும் இடங்களையும் அவர் நான்காகவே வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. உவகையும் அச்சமும் வெவ்வேறு மெய்ப்பாடுகள். ஆயினும், அச்சத்தின் வழியே உவகை விளைவிக்கும் ஆடல்களும் உலகில் உண்டு. பேய்க்கதை கேட்கும் சிறுவன், பாட்டியின் முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டே, “பிறகு என்ன ஆயிற்று?” என்று வினவுவதை நாம் கண்டதில்லையா? இக்காலத்தில் அத்தகைய ஆடல் கணிப்பொறித் திரையிலும் நிகழ்கின்றது.

“தமிழாசிரியருக்கும் கணிப்பொறி ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் நகைக்கலாம். அத்தொடர்பு என் தமக்கையின் மகனால் உண்டாயிற்று. 2005ஆம் ஆண்டில் அவன் எங்கள் இல்லத்தில் தங்கிக் கல்லூரியில் இறுதியாண்டு பயின்றான். இளமையிலேயே தந்தையை இழந்தவன். அவன் தாயார் தையல் தொழில் செய்து குடும்பத்தைத் தாங்கி வந்தார். படிப்புக்கு வேண்டும் என்று பழைய கணிப்பொறி ஒன்றைக் குறைந்த விலைக்கு அவன் வாங்கியிருந்தான். மாலையில் அதில் பாடம் நடக்கும். பாடம் முடிந்த பின்னர் ‘டூம் 3’ என்னும் ஆட்டம் நடக்கும்.

அவ்வாட்டம் 2004ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ‘இட் சாஃப்ட்வேர்’ என்னும் நிறுவனத்தார் அதனை ஆக்கினர். கதை நிகழ்வது 2145ஆம் ஆண்டில், செவ்வாய்க் கோளில். ஆங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்த சோதனையால் நரகத்தின் வாயில் திறந்துவிடுகின்றது. தன்னந்தனியனாய் நிற்கும் படைவீரன் ஒருவன், இருண்ட இடைகழிகளில் நடந்து, எதிர்ப்படும் பேய்களைச் சுட்டு வீழ்த்தி உயிர் பிழைத்தல் வேண்டும். தொல்காப்பியர் கூறிய அணங்கே இங்கு அச்சத்துக்குக் களன். குருதியும் கொடுமையும் மிக்கதாகலின், இது வயது வந்தோர்க்கே உரிய ஆட்டம். இதனை ஆடுமாறு உங்களை யான் தூண்டவில்லை. இதனால் ஓர் இளைஞன் கற்ற பாடத்தையே கூற விழைகின்றேன்.

முன்வந்த ஆட்டங்கள் பலவற்றில் நிழல் என்பது சுவரில் முன்னரே தீட்டிவைத்த ஓவியம் போன்றது. ‘டூம் 3’ ஆட்டத்திலோ, கூரையில் தொங்கும் விளக்கு ஆடினால் அறையிலுள்ள நிழலெல்லாம் உடன் ஆடும். ஜான் கார்மாக் என்னும் நிரல் அறிஞர் இம்முறையைத் தம் ஆட்டத்தில் அமைத்தார். விளக்கின் முன் நிற்கும் ஒவ்வொரு பொருளின் விளிம்பையும் கணிப்பொறி நீட்டிப் பார்த்து, நிழல் எங்கெங்கு விழும் என்று கணக்கிடுதல் வேண்டும். ஒரு விளக்குக்குச் செய்ததை மற்றொரு விளக்குக்கும் செய்தல் வேண்டும். இவ்வளவும் நொடிதோறும் பன்முறை நிகழ்தல் வேண்டும். எளிய பொறி இச்சுமையை எங்ஙனம் தாங்கும்?

அவ்வாட்டத்துக்குக் குறைந்தது 384 மெகாபைட் நினைவகம் வேண்டும் என்பது ஆக்கியோர் விதித்த வரம்பு. என் மருமகனுடைய பொறியில் இருந்தது 256. அண்டை வீட்டுச் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஈட்டிய பணத்தில் 128 மெகாபைட் வாங்கிச் சேர்த்து, வரம்பை நேராகத் தொட்டான். அப்போதும் ஆட்டம் நொண்டிற்று. படங்கள் விட்டுவிட்டுத் தோன்றின. பேய் பாய்வதைக் கண்ணால் காணுமுன் வீரன் மாண்டுகிடந்தான்!

படங்களை விரைந்து வரையும் புதிய அட்டை ஒன்று வாங்கினால் குறை தீரும் என்று நண்பர் கூறினர். அதன் விலையோ அவனுடைய அரையாண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு நிகரானது. ஒரு நாள் அவன் மேசைமீது தாயாருக்கு எழுதத் தொடங்கிய மடல் ஒன்று கிடந்தது. பணம் வேண்டும் என்ற சொல்லோடு அது நின்றிருந்தது. யான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் அதனை முடிக்கவில்லை. இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் இரவு அவன் ஆட்டத்தின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக ஆராயலானான். முதற்கண் நிழல்களை அறவே நீக்கினான். ஆட்டம் விரைந்து ஓடிற்று. ஆயின், அவன் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை.

“என்ன தம்பி, குறை தீர்ந்ததா?” என்று கேட்டேன்.

“வேகம் வந்துவிட்டது, மாமா, பேய் போய்விட்டது!” என்றான்.

திரையை நோக்கினேன். தூணின் பின்னும் படிக்கட்டின் கீழும் பதுங்கியிருந்த கருமை நீங்கி, அவ்விடம் ஆளற்ற பண்டகசாலை போல் வெறிதாய்க் கிடந்தது.

அவன் நிழல்களை மீண்டும் சேர்த்தான். வேறு பொருள்களில் கை வைத்தான். திரையில் குறுக்கே 1024, நெடுக்கே 768 என இருந்த படப்புள்ளிகளை 640, 480 எனக் குறைத்தான். பெருக்கிப் பாருங்கள்: 7,86,432 புள்ளிகள் 3,07,200 ஆயின, ஐந்தில் இரண்டு பங்கினும் குறைவு. உலோகத்தின் மினுக்கத்தை நீக்கினான். சுவர்களின் நுண்ணிய வேலைப்பாட்டைக் குறைத்தான். ஒலியை மட்டும் சிறிதும் தொடவில்லை. இப்போது விளிம்புகள் கரடுமுரடாய்த் தெரிந்தன. எனினும் ஆட்டம் தடையின்றி ஓடிற்று. இருளில் எங்கோ ஒரு கதவு முனகியபோது, பின்னால் நின்ற யானும் திடுக்கிட்டேன்.

அவ்வாட்டத்தை ஆக்கியோரும் குறைத்தலின் அருமையை உணர்ந்தவரே. 2004ஆம் ஆண்டு வந்த ஆட்டத்தில் வீரன் கைவிளக்கை ஏந்தினால் துப்பாக்கியை ஏந்த இயலாது. துப்பாக்கியை ஏந்தினால் விளக்கை விடுதல் வேண்டும். காணவேண்டுமா, காத்துக்கொள்ள வேண்டுமா என்று அடிதோறும் அவன் தேர்ந்தாக வேண்டும். அச்சத்தின் வேர் அத்தேர்வில் இருந்தது. 2012ஆம் ஆண்டு வந்த புதுப்பதிப்பில் விளக்கை வீரனது கவசத்தில் பொருத்தினர். இரண்டையும் ஒருங்கே பயன்படுத்தும் வசதி உண்டாயிற்று. வசதி பெருகிய அளவில் அச்சம் சுருங்கிற்று என்று என் மருமகன் பின்னாளில் கூறினான்.

நூலுக்குரிய அழகுகள் பத்தனுள் சுருங்கச் சொல்லுதலை நன்னூலார் முதலில் வைத்தார். அதனை அடுத்து விளங்க வைத்தலைக் கூறினார். இவ்வைப்புமுறையின் நுட்பத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைத்தவன் யான். விளக்கம் கெடுமாறு சுருக்குதல் அழகாகாது. பொருளின் உயிர் நிற்கச் சுருக்குதலே அழகாகும். நிழலை நீக்கியபோது சுருக்கம் இருந்தது, உயிர் இல்லை. மினுக்கத்தை நீக்கியபோது சுருக்கமும் இருந்தது, உயிரும் நின்றது. நிழலே மிகுந்த உழைப்பை உண்பது. ஆகவே அதனையே முதலில் வெட்டலாம் என்று எவர்க்கும் தோன்றும். விலை மிகுந்தது எது என்று காண்பது எளிது. விடத்தகாதது எது என்று காண்பதே அரிது.

வறுமை நல்லது என்று யான் கூறவில்லை. நல்ல கருவி கிடைக்குமாயின் அதனை விரும்பிப் பெறுதல் முறையே. ஆயின், வேண்டுவன எல்லாம் எல்லார்க்கும் எப்போதும் கிடைப்பதில்லை. மாணவர்களே, பொருளும் பொழுதும் உங்களுக்குக் குறையும் நாள்கள் வரும். அந்நாளில் எதனைக் குறைப்பது என்று எண்ணுமுன், எதனைக் குறைத்தல் ஆகாது என்று முதலில் துணிந்துகொள்ளுங்கள். என் மருமகன் அங்ஙனம் துணிந்தான். முற்றுப்பெறாத அந்த மடலின் பின்புறத்தில், அவன் அமைப்புக் கணக்குகளை எழுதி வைத்திருந்ததைப் பின்னர்க் கண்டேன். அவ்வாண்டின் கட்டணம் உரிய நாளில் கல்லூரிக்குச் சென்று சேர்ந்தது.