நீலத்தை நடத்தும் கை

பழைய இமாரித் தட்டு கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். முன்பக்கத்தில் பூவும் மலையும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். வேலை தெரிவது பின்பக்கத்தில். அடிவளையத்துக்குள் சின்னச் சின்னப் புள்ளி வடுக்கள் இருக்கலாம். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் முட்டுக்கொடுத்த கூம்புகளின் தடம் அது. அந்தக் கூம்புகளைத் தட்டு செய்த மண்ணிலேயே பிடிக்க வேண்டும். தட்டு சுருங்கும்போது அவையும் கூடவே சுருங்க வேண்டுமே. வெந்து ஆறியதும் தட்டி எடுத்துவிடுவோம். அந்த வடுவைக் குறை என்று எண்ணித் தட்டைத் திருப்பி வைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஜப்பானில் பீங்கான் தொழில் வேர்பிடித்த ஊர் அரிட்டா. கொரியாவிலிருந்து வந்த குயவர் ரி சம்பெய் 1616இல் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டெடுத்தார் என்பது ஊர் வழக்கு. பக்கத்து இமாரித் துறையில் கப்பலேறியதால் சரக்குக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. 1659இல் டச்சுக் கம்பெனி பெருமளவில் வாங்கியது, ஐரோப்பிய அரண்மனைகள் இவற்றைச் சுவரில் அடுக்கியது எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. பட்டறைப் பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான்.

நான் கற்றது டாமி. ஒருவர் மெல்லிய தூரிகையால் கோடு இழுப்பார். அந்தக் கோடுகளுக்குள் நீலம் நிரப்புவது எங்கள் வேலை. அரிட்டாவில் இது வழிவழியாகப் பெண்களின் கைவேலை. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் வயதான ஓர் அம்மாதான். முதல் சூட்டில், சுமார் 900 டிகிரியில் வெந்து வரும் தட்டு, பட்ட ஈரத்தைச் சட்டென்று குடித்துவிடும். அதனால் முதலில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறோம். தூசியும் விரல் எண்ணெய்யும் போகும், தட்டின் அவசரமும் கொஞ்சம் தணியும்.

நிறம் கோசு, அதாவது கோபால்ட் கலந்த தாது. கல்வத்தில் எவ்வளவு அரைத்தாலும் போதாது என்பார் அந்த அம்மா. கரைப்பது பச்சைத் தண்ணீரில் அல்ல, தேயிலை கொதிக்கவைத்த கஷாயத்தில். தேயிலையின் துவர்ப்பு இருந்தால் கோசு சீராக ஓடும், வெந்த மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். ஒரே கோசுதான், கஷாயத்தைக் கூட்டிக் குறைத்து அடர்த்தி, நடுத்தரம், வெளிறல் என்று பிரித்து வைத்துக்கொள்வோம்.

டாமித் தூரிகை வயிறு பெருத்தது, நுனி மட்டும் கூர். தட்டைச் சாய்த்துப் பிடித்து, கோட்டுக்குள் கோசு நீரைத் தேங்கவிட்டு, அந்தத் தேக்கத்தை நடத்திக்கொண்டு போக வேண்டும். தூரிகை முடி மண்ணை உரசக் கூடாது. வயலுக்கு மடை திறந்துவிட்டவர் நீருக்கு முன்னால் போவதுபோல, தூரிகை முன்னே போகும், நீர் பின்னே வரும். மூலைக்கு வந்ததும் தூரிகையை விரலால் பிழிந்து, காய்ந்த வயிற்றால் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நடுவில் நின்றால் ஈரவிளிம்பு காய்ந்து கோடு விழும். மேலே இன்னொரு தடவை பூசினால் அந்த இடம் கறுக்கும். கோசு மிகுந்த இடத்தில் மெருகும் ஒட்டாமல் விலகும்.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் தூரிகை பிடித்த கையையே கவனிப்பார்கள். அந்த அம்மா அதைத் தொடவே மாட்டார். தட்டைப் பிடித்திருக்கும் இடக்கையின் மணிக்கட்டை லேசாகத் திருப்பி விடுவார். உடனே நீர் போக வேண்டிய பக்கம் போகும். டாமியில் பாதி வேலை இடக்கையுடையது. இதை வாயால் சொல்லி யாருக்கும் ஏற்றிவிட முடியவில்லை. மணிக்கட்டில் அவர் விரல் பட்ட பிறகுதான் எனக்கும் புரிந்தது.

பூசும்போது நீலம் கண்ணில் படாது. கோசு கறுத்த சாம்பல் நிறமாக இருக்கும். இசு மரச் சாம்பல் கலந்த மெருகில் முக்கி, காற்றைக் குறைத்து, 1300 டிகிரி அளவில் வேகவைத்த பிறகே நீலம் பிறக்கிறது. ஆகவே கண்ணை நம்பாமல் தூரிகையின் கனத்தை நம்பப் பழக வேண்டும். இதற்குப் பொறுமை தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

ஆக்டோபஸ் கைகள்போல் சுருண்டோடும் கொடியை டாக்கோ கராகுசா என்கிறோம். 18ஆம் நூற்றாண்டுக்கு முந்திய தட்டுகளிலும் அந்த நூற்றாண்டின் நல்ல தட்டுகளிலும் ஒவ்வொரு சுருளுக்கும் எல்லைக்கோடு இழுத்து உள்ளே டாமி வார்த்திருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் சாதாரண வீடுகளுக்கும் தட்டு போகத் தொடங்கிய பிறகு, ஒரே இழுப்பில் சுருளைப் போட்டுவிட்டார்கள். என் மனசு முந்தையதில்தான் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் அந்த ஒற்றை இழுப்பு மட்டமானது என்று சொல்லமாட்டேன். அத்தனை தட்டு போட்ட கைக்கு வரும் துணிவு அதில் இருக்கிறது. தட்டுகள் ஒரே கோலத்தில் தொகுப்பாக வரும். ஒன்றில் சுருள் நெருங்கியிருக்கும், இன்னொன்றில் கடைசி வளைவுக்கு இடம் போதாமல் குறுகியிருக்கும். ஒகாவாச்சியாமாவில் ஷோகுனுக்குப் பரிசளிக்கச் செய்த நபேஷிமாத் தட்டுகள் வேறு வகை. சுரைக்காய்க் கரியால் தாளில் வரைந்து, அதைத் தட்டில் அழுத்தித் தேய்த்து எடுத்தார்கள். கரி சூளையில் எரிந்துவிடும். கோடுகள் அச்சாக ஒத்துப்போகும். டாமியை உற்றுப் பாருங்கள், அங்கேயும் தட்டுக்குத் தட்டு நீர் தன் வழியில் போயிருக்கும்.

நீலம் மெருகுக்கு அடியில் இருப்பதால் இந்த நீலத் தட்டுகளில் தயங்காமல் சாப்பிடலாம். மெருகுக்கு மேலே தீட்டிய சிவப்பையும் பொன்னையும்தான் தேய்க்காமல் காக்க வேண்டும்.

கற்க வருகிறவர்கள் விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். விளிம்பு பெயர்ந்த பழைய நீலத் தட்டு ஒன்று போதும். ஒவ்வொரு இலையிலும் நீலம் எந்த ஓரத்தில் அடர்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். நீர் கடைசியாகத் தங்கிய பக்கம் அது, தட்டு எப்படிச் சாய்ந்திருந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகு கோசு சேர்க்காத வெறும் தேயிலைக் கஷாயத்தில் தூரிகையை முக்கி, வெந்த ஓட்டில் ஓடவிட்டுப் பழகுங்கள். விளிம்பு காய்வதற்குள் கை மூலையை எட்டிவிட்டால், அதற்கப்புறம் கோசைத் தொடலாம்.