பாதி எஞ்சின்

அப்போது பயிற்சியில் எனக்கு 14 மணி நேரம் ஆகியிருந்தது. செஸ்னா 172. வலப்பக்க இருக்கையில் ஆகாயப்படையிலிருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரப் பயிற்றுநர். காலை எட்டு மணி. தரையிலிருந்து 400 அடி எழுந்திருப்போம். திடீரென்று விமானம் உதறத் தொடங்கியது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் 2,400இலிருந்து 1,900க்கு இறங்கியது, கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. சத்தம் இருக்கும்வரை நம்பிக்கையும் இருக்குமல்லவா, அதுதான் வினை.

நான் தலையைத் திருப்பி ஓடுபாதையைப் பார்த்தேன். கை தானாகவே விமானத்தை இடப்பக்கம் சாய்த்தது. மூக்கு இன்னும் மேலே பார்த்தபடி இருந்ததையும், வேகம் சரிந்துகொண்டிருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

பயிற்றுநர் ஒரே வார்த்தையில் விமானத்தை என்னிடமிருந்து வாங்கினார். மூக்கைக் கீழே தள்ளினார். 70 நாட். முன்னால் முழுக்கச் செம்பனை. சற்று வலப்புறம், மறுநடவுக்காக மரங்களை வெட்டிப்போட்ட நிலம். அங்கே இறக்கினார். முன்சக்கரம் முறிந்தது. எங்கள் இருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஒரு சிலிண்டரில் வால்வு சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

ஏன் திரும்பக்கூடாது என்பதை அன்று மாலை தாளில் வரைந்து காட்டினார். 180 பாகை திரும்பினால் ஓடுபாதைக்கு வரமாட்டோம், அதற்குப் பக்கவாட்டில்தான் வருவோம். மறுபடி நேராக வர இன்னும் வளைய வேண்டும். சீக்கிரம் வளைய நினைத்து 45 பாகை சாய்த்தால், இறக்கை தாங்காமல் விமானம் விழக்கூடிய வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடிவிடும். காற்றை எதிர்த்து எழுந்தவர்கள் காற்று பின்னாலிருந்து தள்ளத் தள்ள இறங்கவேண்டியிருக்கும். இத்தனைக்கும் கையில் இருப்பது 400 அடி. விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘முடியாத திருப்பம்’.

அனுபவசாலிகளுக்கும் முதலில் திரும்பத்தான் தோன்றும்போல. 2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்ட், 1942ஆம் ஆண்டுப் பழைய ரயன் பிடி-22 விமானத்தில் சாந்தா மோனிக்காவிலிருந்து கிளம்பினார். எஞ்சின் சக்தி போனது. உடனே திரும்பி வருவதாகத்தான் வானொலியில் சொன்னார். எட்டாது என்று புரிந்ததும் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். மரத்தில் மோதி விழுந்து பலத்த காயம், உயிர் பிழைத்தார்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வொன்றைப் பின்னர் படித்தேன். 2000 முதல் 2010 வரை, ஒற்றை எஞ்சின் விமானங்களில் புறப்பட்டவுடன் எஞ்சின் முழுதாக நின்றதைவிட, சக்தி பாதியாகக் குறைந்த சம்பவங்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு. உயிர்ச்சேதம் நேர்ந்ததும் இந்தப் பாதியில்தான். முழுதாக நின்றால் விமானி இறக்கிவிடுகிறார். பாதி ஓடினால் யோசிக்கிறார்.

அம்மாவிடம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் மூன்று வாரம் கழித்துச் சொன்னேன். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எஞ்சின் நின்னுருச்சாம்மா, இழுத்துக்கிட்டு ஓடுச்சா?”

“இழுத்துக்கிட்டுத்தாம்பா ஓடுச்சு.”

“அதான் ஏமாத்தும். நின்னுட்டா ஓரங்கட்டிடுவோம். இழுத்துக்கிட்டு ஓடினா, வீட்டுக்குப் போயிரலாம்னு தோணும்.”

பிறகு, நான் அதுவரை கேட்டிராத கதையைச் சொன்னார். ஈப்போவில் சரக்கேற்றிக்கொண்டு கோலகங்சாருக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்துகொண்டிருந்த இரவு. மெனோரா மேட்டுக்கு முன்பே லோரி திணறியிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஏற்றியிருக்கிறார். பாதி மேட்டில் நின்று, லோரி பின்னால் உருண்டது. கெலிண்டான் பையன் பயத்தில் குதித்துக் காலை முறித்துக்கொண்டான்.

“அன்னைக்கு ஒனக்குப் பொறந்தநாளு. அதான் ஏத்திட்டேன்” என்றார்.

இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை.

இப்போது என்னிடம் உரிமம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓடுபாதையின் முனையில், எஞ்சின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன், வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். பாதையில் இருக்கும்போதே கோளாறென்றால் நிறுத்துவேன். எழுந்தபின் என்றால், முதலில் மூக்கைக் கீழே தள்ளுவேன். 700 அடிக்குக் கீழே திரும்பமாட்டேன்; முன்னால் எது இருக்கிறதோ அதில் இறக்குவேன். எஞ்சின் பாதி ஓடினால், அந்தப் பாதி நல்ல இடம்வரை போவதற்கு, வீடுவரை போவதற்கு அல்ல.

பக்கத்தில் யாராவது இருந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சில விநாடிகளில் புதிதாக முடிவெடுக்க என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். நான்தான் தலையைத் திருப்பிப் பார்த்தவளாயிற்றே.