நூற்றுக்கு எத்தனை?

வெர்னியர் காலிப்பரை வைத்து ஒரு கம்பியின் விட்டத்தை 0.02 மி.மீ. வரை அளந்து விடுகிறோம். ஆனால், "நாளையிலிருந்து ஓடப் போறேன்டா" என்று சொல்பவனின் உறுதியை எதை வைத்து அளப்பது? அதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை, என் அப்பாவிடம் அதைப் பார்க்கும் வரை!

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. லேத் பட்டறையில் வேலை. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர். ஆசையாக வாங்கிய கேன்வாஸ் ஷூ ஒரே வாரத்தில் பரணுக்குப் போனது. "அப்பாவுக்குச் சோம்பல்" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தவன் நான்தான்.

நர்சிங் படிக்கும் அக்கா ஒருநாள் ஒரு தாளோடு வந்தாள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் பண்டூரா (1925-2021) என்ற உளவியல் அறிஞர் தயாரித்த கேள்விகள் அவை. ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை 1977 முதலே விளக்கி வந்தவர் அவர். உடற்பயிற்சி பற்றிய அந்தத் தாளில் 'முடியுமா?' என்று மொட்டையாகக் கேட்பதில்லை. களைப்பாக இருந்தால்? மழை கொட்டினால்? வேலை தலைக்கு மேல் கிடந்தால்? வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால்? அப்போதும் வாரம் மூன்று தடவையாவது செய்வீர்களா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை நாமே மார்க் போட வேண்டும்.

"நடக்கத் தெரியாதா எனக்கு? நூறு போடும்மா" என்று சிரித்தார் அப்பா.

"வேலை முடிஞ்சு களைச்சு வந்தா?"

சிரிப்பு நின்றது. "இருபது போடு... சாயங்காலம் காலு ரெண்டும் விட்டுப் போகுதும்மா."

இத்தனை நாளில் அவர் அதைச் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

எனக்கு நம் ஸ்ட்ரெங்த் லேப் ஞாபகம் வந்தது. கம்பியைக் கண்ணால் பார்த்து அதன் பலத்தைச் சொல்ல முடியுமா? மெஷினில் மாட்டி லோடு ஏற்றினால்தானே தெரியும்! மனசும் அப்படித்தான். அப்பாவிடம் இருந்தது சோம்பல் இல்லை. நாளெல்லாம் மெஷின் முன் நின்ற களைப்பு.

மறுநாளே நடையைக் காலைக்கு மாற்றினோம். முதலில் பத்தே நிமிஷம். துணைக்கு நான். சின்னதாகவாவது செய்து ஜெயித்த அனுபவம்தான் இந்த நம்பிக்கையை அதிகம் வளர்க்கும் என்பது பண்டூராவின் முடிவு. இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடியும் தாளை நீட்டினாள். "களைப்பா இருந்தாலும்... அறுபது போடும்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "பரீட்சை சமயத்துல உனக்கு எத்தனைடா?" என்றார். கேலி செய்த வாய் மெதுவாகச் சொன்னது: "முப்பதுப்பா!"

நண்பர்களே, நீங்களும் பேனாவை எடுங்கள். நூறு வேண்டாம், உண்மையான மார்க் போடுங்கள். எங்கே மார்க் குறைகிறதோ, அங்கிருந்துதான் நம் ஓட்டம் தொடங்க வேண்டும்!

- மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்